வியாழனைக் கடிகாரமாகக் கொண்ட கோல்டிங்காம் துரை

மன்னர் சரிதமும் படைத்தலைவர் சரிதமும் பலரால் எழுதப்பட்டுள்ளன. முடி சூடாது, போர்க்களம் காணாது, இரவெல்லாம் விழித்திருந்து எண்களை எழுதிவைத்தே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தோர் சரிதத்தை எழுதப் புகுவார் சிலரே. அத்தகையார் ஒருவரை இம்மலரின் வாசகர்கட்கு அறிமுகஞ் செய்விக்க விழைகின்றோம். அவரே சென்னை நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சிச் சாலையில் கும்பினி அரசாங்கத்தின் வானசாஸ்திரியாக விளங்கிய ஜான் கோல்டிங்காம் துரை. சென்னைவாசிகளுள் அவர் பெயரை அறியாதார் இருக்கலாம். அவர் கட்டிய ராஜாஜி மண்டபத்தை அறியாதார் இலர்.

அவரைப் பற்றி எழுதும் எண்ணம் ஒரு கேள்வியால் எமக்கு உண்டாயிற்று. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எமது ஊராகிய எளாவூருக்குச் சென்றிருந்தோம். ஊருக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. ஒருநாள் இரவு, கழிகளை நட்டு இறால் வலை கட்டிவிட்டுக் கரையில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவரின் அருகில் அமர்ந்தோம். கீழ்வானில் வியாழன் எழுந்து ஏரி நீரில் ஒளிக்கோடு ஒன்றை வரைந்திருந்தது. அவர் எம்மைத் தம்பி என்றழைத்து, வடமீன் திசை காட்டுகின்றது, விடிவெள்ளி பொழுது காட்டுகின்றது, இத்துணைப் பெரிதாய் ஒளிர்ந்து ஆண்டுக்கோர் இடமாய்த் திரியும் இந்த மீனால் நமக்கு ஆவதென்ன என்று வினவினார். யாம் பயில்வது தமிழ், வானநூலன்று. விடை கூறவியலாது நாணினோம். கல்லூரிக்குத் திரும்பி நூலகத்தில் தேடியபோது கிடைத்த விடையே கோல்டிங்காமின் வாழ்க்கை.

அவர் செய்த தொண்டின் அருமையை உணரவேண்டுமாயின், அக்காலத்தில் நமது கடற்கரை இருந்த நிலையை முதலில் அறிதல் வேண்டும். ஓர் ஊர் உலகில் எங்கே உள்ளது என்று கூற இரண்டு அளவுகள் தேவை. வடக்குத் தெற்களவை அறிதல் எளிது; வடமீன் அடிவானுக்கு மேல் நிற்கும் உயரமே அதனை ஏறக்குறையக் காட்டிவிடும். கிழக்கு மேற்களவாகிய தீர்க்கரேகையோ அவ்வாறு கண்ணுக்குப் புலப்படுவதன்று. பூமி மணிக்குப் பதினைந்து பாகை வீதம் சுழல்வதால், நம் ஊரில் மணி என்ன, அதே கணத்தில் இங்கிலாந்தின் கிரீன்விச் நகரில் மணி என்ன என்ற இரண்டையும் அறிந்தால், அவற்றின் வேற்றுமையே தீர்க்கரேகையைத் தரும். கம்பியில்லாத் தந்தியும் கம்பித் தந்தியும் இல்லாத நாளில், ஆறு மாதக் கப்பற் பயணத்துக்கு அப்பாலுள்ள ஊரின் மணியை அறிவது எங்ஙனம்?

இஃது ஏட்டறிவினர் மட்டும் கவலையுறும் காரியமன்று. சோழமண்டலக் கரை தாழ்ந்த கரை. கடலிலிருந்து நோக்குவார்க்கு அடையாளமாக நிற்கும் மலைகள் அரிது. பழவேற்காட்டுக்கு அப்பால் நீருள் மறைந்த மணல்திட்டுக்கள் உள. கரை எங்கே என்று பிழைபடக் கணித்த மாலுமியின் கப்பல் இரவில் திட்டில் மோதினால் சரக்கும் உயிரும் ஒருங்கே அழியும். வாணிகத்தின் பொருட்டும் ஆட்சியின் பொருட்டுமே கும்பினியார் இக்கரையைச் சரியாக அளக்க விரும்பினர் என்பதை யாம் மறைக்கவில்லை. ஆயினும் அளவு சரியாயின் அதன் பயன் கடலில் செல்வார் அனைவர்க்கும் உரியதே.

இதற்குரிய வழியை வானமே முன்பு காட்டியிருந்தது. 1610-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இத்தாலி நாட்டுக் கலிலியோ தம் தொலைநோக்கியால் வியாழனருகே நான்கு சிறு சந்திரன்களைக் கண்டார். ஐஓ, யூரோப்பா, கானிமீடு, கலிஸ்டோ என்பன அவற்றின் பெயர்கள். ஐஓ என்பது நம் செவிக்கு அவல ஒலியாகத் தோன்றினும், நான்கனுள் வியாழனுக்கு மிக அண்மையில் ஓடுவதும், ஆராய்வார்க்கு மிகவும் பயன்பட்டதும் அதுவே. ஏறத்தாழ நாற்பத்திரண்டரை மணிக்கு ஒருமுறை அது வியாழனைச் சுற்றிவந்து, ஒவ்வொரு சுற்றிலும் அதன் நிழலுட் புகுந்து மறைகின்றது. அம்மறைவைப் பூமியின் எப்பகுதியிலிருந்து நோக்குவாரும் ஒரே கணத்திற் காண்பர். ஆதலின் அஃது உலகனைத்துக்கும் பொதுவாக வானில் தொங்கவிட்ட கடிகாரம் போன்றது. அக்கிரகணங்கள் கிரீன்விச் மணிப்படி என்றென்று நிகழும் என்பதை மாலுமிகளின் பஞ்சாங்கம் முன்கூட்டியே அச்சிட்டு வந்தது. ஆடியசையும் கப்பலிலிருந்து அவற்றைக் காண்டல் அரிது. நிலத்தில் உறுதியாக நாட்டிய தொலைநோக்கியே வேண்டும்.

அத்தகைய தொலைநோக்கி சென்னைக்கு வந்த வரலாறு இது. கும்பினி அலுவலராகிய வில்லியம் பெட்ரி என்பவர் 1786-ஆம் ஆண்டளவில் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாராய்ச்சிச் சாலையை அமைத்தார். கோல்டிங்காம் இளைஞராய் அங்கே உதவியாளராகச் சேர்ந்தார். 1787 முதலே சென்னையில் அவர் வியாழனது சந்திர கிரகணங்களைக் குறிக்கத் தொடங்கினார். பின்னர்ப் பெட்ரி தம் கருவிகளை அரசாங்கத்துக்கு ஈந்தார். கடற்கரை அளவையாளராகிய மைக்கேல் டாப்பிங் என்பவரின் இடைவிடா முயற்சியால் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் புதிய சாலை எழுந்தது. பத்து டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்று அதன் நடுவே நாட்டப்பட்டு, அதன்மேல் கருவி வைக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகட்குப் பின்வருவோரும் அறிதற்பொருட்டு அச்சாலை நிறுவப்பெற்ற செய்தி அத்தூணில் பொறிக்கப்பட்டது. அப்பொறிப்பு நம் தமிழிலும் உண்டு. அத்தூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கின்றது.

1796-இல் டாப்பிங் காய்ச்சலால் மாண்டார். சாலையின் பொறுப்பும், 1794-இல் எட்டு மாணாக்கருடன் அவர் தொடங்கிய நில அளவைப் பள்ளியின் பொறுப்பும் கோல்டிங்காமிடம் வந்தன. அப்பள்ளியே வளர்ந்து இன்று கிண்டிப் பொறியியற் கல்லூரியாக நிற்கின்றது.

அவர் தம் இரவுகளைக் கழித்த முறையைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். அவரிடம் இருந்தவை மூன்று அங்குல வாயுடைய தொலைநோக்கிகளும், ஊசற்கடிகாரங்களும், விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்குங் கணத்தைக் காட்டும் கருவியுமே. முதலில் விண்மீன்களைக் கொண்டு கடிகாரத்தைச் சரிபார்த்தல் வேண்டும். பின்னர்த் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, கடிகாரத்தின் அடிகளைச் செவியால் எண்ணிக்கொண்டே, வியாழனருகே நிற்கும் ஒளிப்புள்ளியை நோக்கியிருத்தல் வேண்டும். புள்ளி விளக்கணைந்தாற்போல ஒரே கணத்தில் மறைவதில்லை. ஐஓ உருவிற் பெரிதாதலின் சிறிது சிறிதாக மங்கும். இறுதி ஒளி எக்கணத்தில் அவிந்தது என்று முடிவு செய்வது காண்பவரின் கண்ணையும் கண்ணாடியையும் பொறுத்தது. பெரிய கண்ணாடி வைத்திருப்பவர் சிறிது பிந்தி மறைவதாகவும், சிறிது முந்தித் தோன்றுவதாகவும் காண்பர்.

இத்தொல்லைக்கு வானமே ஒரு மருந்தும் வைத்துள்ளது. வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வருமுன் ஐஓ நிழலுட் புகுவதை மட்டுமே காணலாம். எதிர்நிலை கடந்தபின் நிழலிலிருந்து வெளிப்படுவதை மட்டுமே காணலாம். முன்னதில் நேரும் பிழையும் பின்னதில் நேரும் பிழையும் ஒன்றுக்கொன்று எதிராதலின், இருவகையையும் போதிய அளவு திரட்டிச் சராசரி கண்டால் பிழை பெரிதும் கழியும். ஆகவே ஓரிரவின் திறமையால் ஆவது ஒன்றுமில்லை. பல்லாண்டுப் பொறுமையால் ஆவதே எல்லாம். ஐப்பசி கார்த்திகையில் மழை மேகம் வானை மூடிவிடும். சூரியனருகே வியாழன் சென்று மறையும் நாட்களும் உண்டு. இவை போக எஞ்சிய தெளிந்த இரவுகளிற் கண்டவற்றையெல்லாம் அவர் ஏட்டில் எழுதிவந்தார்.

அவ்வெண்களிலிருந்து சென்னைச் சாலையின் தீர்க்கரேகை கிரீன்விச்சுக்குக் கிழக்கே 80 பாகை 18 கலை 30 விகலை என்று முடிவாயிற்று. இதனைக் காலமாக மாற்றினால் 5 மணி 21 நிமிடம் 14 விநாடி வரும். சென்னை மணி என்று வழங்கிய நேரக்கணக்கின் அடிப்படை இதுவே. 1906-ஆம் ஆண்டு இந்தியப் பொது மணி வந்து அதன் இடத்தைக் கொள்ளும் வரையில், நம் முன்னோர் பலர் ரயிலேறியதும் சென்னை மணியைக் கொண்டே. 1802 ஏப்ரல் திங்களில் லாம்டன் துரை பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் நிலவளவையும், தன் தொடக்க எண்ணை நுங்கம்பாக்கத்துச் சாலையிலிருந்தே பெற்றது. சென்னையின் இடம் நிலைபெற்றபின் அதனைப் பற்றிக்கொண்டு ஏனைய ஊர்களின் இடமும் நிலைபெற்றது. ஆகவே எளாவூரும் பழவேற்காடும் நிலப்படத்தில் நிற்பதற்கு, வியாழனருகே மறைந்து தோன்றிய ஓர் ஒளிப்புள்ளியும் துணைநின்றது எனலாம்.

கோல்டிங்காமின் உழைப்பு வானத்தோடு நின்றுவிடவில்லை. 1796 முதல் சாலையில் காற்றழுத்தமும் வெப்பமும் நாடோறும் குறிக்கப்பட்டன. இந்நாட்டில் முறையாக எழுதப்பெற்ற பழைய வானிலைக் குறிப்புகளுள் அவை தலையாயவை. மாமல்லபுரத்துச் சிற்பங்களை நேரிற் கண்டு அவர் எழுதிய கட்டுரை 1798-இல் கல்கத்தா ஆசியச் சங்கத்தின் ஆராய்ச்சித் தொகுதியில் வெளிவந்தது. நம் நாட்டுக் கல்லெழுத்துக்களை மேனாட்டார் ஆராயத் தொடங்கிய அவ்வைகறைப் பொழுதில் எழுந்த அக்கட்டுரையைத் தமிழ் பயிலும் யாம் தனி மகிழ்ச்சியுடன் நினைக்கின்றோம்.

அரசாங்கப் பொறியாளராகவும் பணியாற்றிய அவர், 1802-இல் திறக்கப்பெற்ற விருந்து மண்டபத்தைக் கிரேக்கக் கோயிலின் அமைப்பில் கட்டினார். திப்பு சுல்தானை வென்றதன் நினைவாக எழுந்த அம்மண்டபம், நாடு விடுதலை பெற்றபின் ராஜாஜி மண்டபம் எனப் பெயர் பெற்றது. அண்ணாவின் உடலும் பின்னர் வேறு முதல்வர்களின் உடல்களும் மக்கள் கண்ணீருக்கிடையே வைக்கப்பட்டது அங்கேதான்.

1820, 1821-ஆம் ஆண்டுகளில் ஒலியின் வேகத்தை அளந்தார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கும்போது, மின்னலைப் போன்ற அதன் ஒளி தோன்றுவதற்கும் முழக்கம் வந்து சேர்வதற்கும் இடையிலுள்ள விநாடிகளைச் சாலையிலிருந்து எண்ணினார். கோட்டை இரண்டரை மைலுக்குச் சற்றே அதிகத் தொலைவு. மலை ஏறத்தாழ ஐந்தரை மைல். வெப்பமும் காற்றும் மாறுந்தோறும் ஒலியின் வேகமும் மாறுவதை மாதவாரியாக எழுதி 1823-இல் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் அச்சிடுவித்தார். பூமியின் வடிவை அறிதற்பொருட்டு ஊசல் ஆட்டத்தைச் சென்னையில் அளந்ததோடு, தம் உதவியாளரைச் சுமத்திராவருகே நிலநடுக்கோட்டிலுள்ள ஒரு தீவுக்கும் அனுப்பி அளப்பித்தார். 1808-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினராகவும் ஏற்கப்பட்டார். 1830-இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பி 1849-இல் காலமானார். சென்னைச் சாலையின் வானாராய்ச்சிப் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது.

இனி, அவர் பிழையைக் கூறுவோம். பெரியோர் சரிதத்தில் பிழையை மறைப்பது அவர்க்குச் செய்யும் மரியாதையன்று. அவர் விடுமுறையில் இங்கிலாந்து சென்றிருந்தபோது அவ்விடத்தில் பணியாற்றிய வாரன் என்பவர் 1807-இல் மீண்டும் கணக்கிட்டு, தீர்க்கரேகை 80 பாகை 17 கலை 21 விகலையே என்றார். நிலவளவைப் படங்கள் 1905 வரை அவ்வெண்ணையே கொண்டிருந்தன. தந்திக்கம்பி வழியே மணியை நேராக ஒப்பிட்டபோது அதுவும் ஏறக்குறைய இரண்டரைக் கலை மிகை என்று தெரிந்தது. இன்றைய கணக்கில் அவ்விடம் 80 பாகை 14 கலை 50 விகலையளவில் உள்ளது. கோல்டிங்காமின் முதற்கணக்கோடு இதனை ஒப்பிட்டால், வேற்றுமை காலத்தில் பதினைந்து விநாடிக்கும் குறைவே. ஆனால் நம் நாட்டில் ஒரு விநாடி சுமார் 450 மீட்டர் தூரத்துக்கு ஈடாகும். ஆகவே பிழை ஆறரைக் கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். அவ்வெண்ணை அப்படியே நம்பிப் புள்ளியிட்டால், நுங்கம்பாக்கத்துக் கருங்கல் தூண் மெரீனாவுக்கு அப்பால் கடலில் நிற்கும்!

நகைத்தற்குரியதன்று இது. மூன்றங்குலக் கண்ணாடியைக் கொண்டு, அறுபது கோடிக் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஒரு புள்ளி மங்குவதைப் பார்த்து, உலகின் மறுபக்கத்து மணியைப் பதினைந்து விநாடிக்குள் கூறினாரெனின் அதன் அருமையை யாரே அளக்கவல்லார்? மேலும், அவர் முடிவை மட்டும் எழுதிவிட்டு ஏட்டைக் கிழித்தெறியவில்லை. ஒவ்வோரிரவின் எண்ணையும் வைத்துச் சென்றார். ஆகையால் பின்வந்தோர் அவற்றைத் திருத்த முடிந்தது. திருத்தத்தக்க பிழை செய்தவர் அறிவுலகிற்கு உதவியவரே.

அவர் அறியாதிருந்த வேறொன்றும் உண்டு. தம் கடிகாரத்தின் முள்ளாகவே அவர் மதித்த ஐஓ, அத்தனை இரவுகளிலும் ஓய்வின்றி வேறொரு பெருந்தொழில் செய்துகொண்டிருந்தது. அது வெளிப்படத் தொடங்கியது அவர் இறந்து நூறாண்டுகட்குப் பின்னரே. 1955-இல் வியாழனிலிருந்து ரேடியோ ஒலி வருவதை அமெரிக்கர் இருவர் கண்டனர். 1960-இல் கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து ஆராய்ந்த ராதாகிருஷ்ணனும் ராபர்ட்ஸும், வியாழனைச் சுற்றிப் பெருங் காந்தப்புலத்தில் சிறைப்பட்ட மின்துகள் வளையம் இருப்பதற்குச் சான்று காட்டினர். அந்த ராதாகிருஷ்ணன், ஸர் சி. வி. ராமனின் மைந்தர், 1929-இல் பிறந்த இடம் நமது சென்னைத் தண்டையார்பேட்டை. நுங்கம்பாக்கத்திலிருந்து ஒருவர் வியாழனின் சந்திரனை எண்ண, தண்டையார்பேட்டையிற் பிறந்த மற்றொருவர் வியாழனின் காந்தத்தை அறிந்தார் என்பது நினைக்குந்தோறும் இனிக்கின்றது. 1964-இல் ஆஸ்திரேலியாவில் பிக் என்பவர் நீண்டநாட் குறிப்புகளை ஐஓவின் இருப்பிடத்தோடு ஒப்பிட்டு, அவ்வொலியின் எழுச்சி ஐஓ நிற்குமிடத்தைச் சார்ந்தது என்று கண்டார். பொறுமையோடு எழுதிய மணிக்கணக்கே இங்கும் வழிகாட்டியாயிற்று.

காரணம் யாது? வியாழன் பத்து மணிக்கும் குறைந்த நேரத்தில் தன்னைத்தான் சுற்றுகின்றது. அதன் காந்தப்புலமும் உடன் சுழல்கின்றது. ஐஓவுக்கோ ஒரு சுற்றுக்கு நாற்பத்திரண்டரை மணி வேண்டும். ஆகவே காந்தவெள்ளம் ஐஓவை விநாடிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் ஓயாது கடந்து செல்கின்றது. அன்றியும் ஐஓ எரிமலைகள் நிறைந்தது என்பதை 1979-இல் வாயேஜர் விண்கலம் காட்டிற்று. அதினின்று வெளியேறும் கந்தகப் பொருள் விநாடிக்கு ஒரு டன்னளவில் விண்ணிற் கலந்து மின்னேற்றம் பெறுகின்றது. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் நீரோட்டம் விரையும்போது, வலைக்கு நட்ட கழியின் இருபுறமும் அலைவரி பிரிந்து நெடுந்தூரம் செல்வதை எம் ஊரார் நாடோறும் காண்பர். காந்தவெள்ளத்தில் நின்ற ஐஓவும் அவ்வாறே. அதினின்று பிரியும் அலைகளோடு பல லட்சம் ஆம்பியர் மின்னோட்டம் வியாழனின் இரு முனைகளுக்கும் பாய்கின்றது. பாய்ந்து விழுமிடத்தில் வியாழனின் வளிமண்டலம் ஒளிவிடுகின்றது. நார்வே முதலிய வடநாடுகளில் தோன்றும் துருவ ஒளி பெரும்பாலும் சூரியனிலிருந்து வரும் துகள்களால் ஆவது. வியாழனின் துருவ ஒளிக்கோ அதன் சுழற்சியும் ஐஓ தரும் பொருளுமே பெருங்காரணம்.

ஐஓவின் இவ்வொளிச்சுவடு 1993-இல் அகச்சிவப்புக் கதிர்ப் படங்களிற் காணப்பட்டது. பின்னர் ஹப்பிள் தொலைநோக்கியின் புறஊதாப் படங்களில் யூரோப்பாவின் சுவடும் கானிமீடின் சுவடும் தோன்றின. 2016 முதல் வியாழனைச் சுற்றிவந்த ஜூனோ விண்கலத்தின் குறிப்புகளிலிருந்து கலிஸ்டோவின் மெல்லிய சுவடும் தெளிவாயிற்று. கலிலியோ கண்ட நால்வரும் தத்தம் காலடியை வியாழன்மேல் ஒளியாற் பதித்துள்ளனர். கானிமீடோ தனக்கெனக் காந்தமும் தனக்கெனத் துருவ ஒளியும் உடையது. சனியின் சந்திரனாகிய என்சிலாடசும் தன் கோள்மீது இத்தகைய சுவடு பதிப்பதைக் காசினி விண்கலம் கண்டது.

கோல்டிங்காம் தம் கண்ணாடியில் கண்டது மங்கி அவியும் ஒரு புள்ளியை. அது தன் கோளின் முனையில் அணையாத விளக்கேற்றி நின்றதை அவர் காணவில்லை. காணக்கூடிய கருவியும் அன்று இல்லை. காண முடிந்ததை அவர் ஒழுங்காகக் கண்டார். கண்டதைக் கூட்டாது குறையாது எழுதினார். அதற்குமேல் ஒரு மாணாக்கனிடமோ அறிஞனிடமோ எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த விடுமுறையில் ஏரிக்கரைக்குச் செல்வோம். அப்பெரியவர் மீண்டும் வினவுவாராயின், நம் கரை எங்கே உள்ளது என்று உலகுக்குச் சொன்னது அந்த மீனின் துணையே என்று விடை கூறுவோம். அதனைச் சுற்றும் சந்திரன் ஒன்று, அவர் நட்ட வலைக்கழி நீரோட்டத்தில் செய்வதையே வானில் செய்து விளக்கேற்றுகின்றது என்றும் கூறுவோம். முன்னதை அவர் வியந்து கேட்பார். பின்னதை எம்மினும் நன்றாக உணர்வார் என்பது எம் துணிபு.